நல்ல வில்லுக்கு நேரான அச்சுக்கட்டை

வில் என்றவுடன் நம் கண்முன் நிற்பது அதன் வளைவு. அந்த வளைவின் அழகைப் புகழாதார் இல்லை. ஆனால் அவ்வளைவுக்குத் தாயாக இருந்து, வில் பிறந்தபின் பட்டறையின் மூலைக்குப் போய்விடும் ஒரு மரக்கட்டையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. மெல்லிய மரப் பட்டைகளையும் மூங்கில் பட்டைகளையும் அடுக்கிப் பசையிட்டு ஒட்டுகின்ற அடுக்கு வில்லுக்கு உருக்கொடுக்கும் அச்சுக்கட்டையே அது. அக்கட்டை கோணினால் வில் கோணும். வில் கோணினால் அம்பு வழிதவறும். சில வேளைகளில் வில்லே பிளந்து, பிடித்தவர் கையையும் முகத்தையும் பதம் பார்த்துவிடும். ஆகவே இதனைப் பற்றிச் சற்று விரிவாக அறிந்துகொள்வது நலம்.

நமக்கும் வில்லுக்கும் உள்ள உறவு

அம்பெய்தலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெரிதும் ஊக்குவித்தார்கள் என்பதை நாம் அறிவோம். இறைமறை கூறும் வலிமை என்பது எய்யும் ஆற்றலே என்று அவர்கள் மும்முறை விளக்கியதாக உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதே நபித்தோழர் வழியாக அபூதாவூதில் இடம்பெறும் மற்றோர் அறிவிப்பு, ஓர் அம்பின் காரணமாக நன்மை பெறுவோர் மூவர் என்று எண்ணுகிறது. எய்தவரும், எடுத்துக் கொடுத்தவரும் மட்டுமல்லர். நல்ல எண்ணத்தோடு அதைச் செய்தவரும் அம்மூவருள் ஒருவர். கைவினைஞருக்கு இதனினும் மேலான சிறப்பு வேறென்ன வேண்டும்?

இச்சிறப்பை உணர்ந்தோர் வில் தொழிலை உயர்ந்த கலையாக வளர்த்தனர். துருக்கியர் மரம், கொம்பு, தசைநார், பசை ஆகிய நான்கையும் இணைத்து வில் செய்தனர். பசை காய்வதற்கும் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கும் மாதக்கணக்கில் காத்திருந்தனர். இஸ்தான்புல் நகரின் ஒக்மெய்தான் திடலில், நெடுந்தொலைவு எய்த வீரர்களின் நினைவாக நட்ட கற்கள் இன்றும் காணப்படுகின்றன. துருக்கிய வில்வித்தையை யுனெஸ்கோ 2019-ல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. முகலாயர் காலத்து இந்தியாவிலும் இத்தகைய கொம்பு வில்கள் புழங்கின. மழைக்காலத்து ஈரம் விலங்குப் பசையை நெகிழ்த்திவிடும் என்பதால், எஃகு வில்களும் இந்நாட்டில் செய்யப்பட்டன. கிழக்கே ஜப்பானியர், மூங்கிலுக்கு இடையில் மரத்தை வைத்து ஒட்டி, கயிற்றால் வரிந்து, ஆப்புகளை அடித்து இறுக்கி வில்லுக்கு வளைவு கொடுத்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் கண்ணாடியிழையும் எபாக்சிப் பசையும் வந்தன. அடுக்கு வில் எளியோர் பட்டறைக்கும் எட்டியது.

நம் நாட்டில் மூங்கில் வில்லுக்கென்றே ‘இந்தியன் ரவுண்டு’ என்னும் போட்டிப் பிரிவு உண்டு. 30 மீட்டர், 50 மீட்டர் தொலைவுகளில் அது நடைபெறுகிறது. ராஜஸ்தானின் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, மூங்கில் வில்லில் தொடங்கிய லிம்பா ராம் மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவின் சார்பில் பங்கேற்றார். 2023-ல் பெர்லினில் உலகப் பட்டம் வென்ற அதிதி சுவாமி அப்போது பதினேழே வயதுப் பெண். உலக அரங்கில் இன்று பயன்படும் வில்கள் வேறு வகையின. எனினும் முதல் அம்பை எய்யக் கற்பதற்கு ஓர் எளிய வில் போதும்.

மட்டம் ஏன் வேண்டும்?

வில்லின் கைப்பிடிக்கு மேலும் கீழும் இரு கைகள் நீள்கின்றன. நாணை இழுக்கும்போது இரண்டும் ஒரே தளத்தில், ஒரே அளவில் வளைய வேண்டும். அச்சுக்கட்டையின் மேற்பரப்பு பக்கவாட்டுப் பரப்புக்குச் செங்குத்தாக, அதாவது மூலைமட்டத்துக்குச் சரியாக அமைந்தால்தான் இது கைகூடும்.

கணக்கிட்டுப் பாருங்கள். 40 மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டையின் கீழே பரப்பு ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தால், பட்டையின் ஓர் ஓரம் மற்றதைவிட ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். கட்டை முழுவதும் இச்சாய்வு ஒரே சீராக இருந்தால் தீங்கு குறைவு. மேற்கையில் வலப்புறமும் கீழ்க்கையில் இடப்புறமும் சாய்ந்திருந்தாலோ, வில் முறுக்கேறிப் பிறக்கும். நாண் நடுக்கோட்டை விட்டு ஒருபுறம் ஒதுங்கும். நாண் கழன்று தெறிக்கவும் கூடும்.

வழவழப்பும் அவ்வாறே இன்றியமையாதது. மேடு இருந்தால் அதன் இருபுறமும் பட்டை எழும்பி நிற்கும். அவ்விடைவெளியைப் பசைதான் நிரப்ப வேண்டும். தடித்த பசை மரத்தைப் போல் வளையாது. பிளவு அங்கேதான் தொடங்கும். மேலும், பட்டையின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கேற்ப ஏறுகிறது. தடிப்பு பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இத்துணை நுண்ணிய பொருளில் ஒரு நூல் பிழை என்பது சிறு பிழையன்று.

செய்முறை

முதலாவது, மரம். தேக்குப் பலகை கண்ணுக்கு அழகாயினும் சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் அசையக்கூடியது. இழைகளை மாறிமாறிக் குறுக்கே வைத்து ஒட்டிய பிளைவுட் பலகையே அச்சுக்கு ஏற்றது. 18 மில்லிமீட்டர்ப் பலகை மூன்றை ஒட்டினால் 54 மில்லிமீட்டர் கனம் கிடைக்கும். ஐந்தரை அடி வில்லுக்கு ஆறடிக் கட்டை வேண்டும்.

இரண்டாவது, மாதிரி. முழு வில்லின் வளைவை வரைய வேண்டாம். பாதி வளைவை மட்டும் ஹார்டுபோர்டில் வரைந்து, வெட்டி, உப்புத்தாளால் தேய்த்துக் குற்றமறச் செய்துகொள்ளுங்கள். நடுக்கோட்டில் வைத்து ஒருபுறம் வரைந்தபின், அதையே புரட்டி மறுபுறம் வரையுங்கள். இரு கைகளும் இரட்டைப் பிள்ளைகளைப் போல் அமையும்.

மூன்றாவது, வெட்டுதல். மூன்று பலகைகளையும் முதலிலேயே ஒட்டிவிட்டு வெட்டுவதைவிட, ஒன்றை மட்டும் கோட்டுக்கு ஒரு நூல் வெளியே அறுத்துச் செம்மைப்படுத்துவது சிறந்தது. அதன்மேல் இரண்டாவதை ஒட்டி, உருளை பொருத்திய ரூட்டர் அலகால் வெட்டினால், உருளை முதற்பலகையின் மேல் ஓடும். அலகு இரண்டாவதை அதற்கு நிகராகச் சீவும். மூன்றாவதற்கும் இதே முறை. இவ்வாறு முதற்பலகையின் நேர்மை மற்றவற்றுக்கும் இறங்கும். அதன் பிழையும் இறங்கும் என்பதை மறவாதீர். ரூட்டர் இல்லாதவர் அரத்தாலும் உப்புத்தாள் கட்டையாலும் பொறுமையாகச் செய்யலாம்.

நான்காவது, சோதனை. கட்டையைப் பக்கவாட்டில் படுக்கவைக்க ஒரு சமதளம் வேண்டும். மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் கல்லில், மெருகேற்றிய சமையல் மேடைப் பலகைத் துண்டு ஒன்று கிடைத்தால் அதுவே போதும். முதலில் பக்கவாட்டுப் பரப்பு அக்கல்லில் ஆடாமல் அமர்கிறதா என்று பாருங்கள். அது சரியானால்தான் அதிலிருந்து மற்றதை அளக்க முடியும். பின்பு மூலைமட்டத்தைக் கல்லின் மேல் நிறுத்தி, இரண்டு அங்குலத்துக்கு ஓரிடமாக வளைவுப் பரப்போடு பொருத்திப் பின்னால் விளக்கொளி கசிகிறதா என்று நோக்குங்கள். பரப்பெங்கும் பென்சிலால் கிறுக்கிவிட்டு, நீண்ட கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்தால், முதலில் கோடு அழியும் இடம் மேடு. அழியாத இடம் பள்ளம். பள்ளத்தை எபாக்சியும் மரத்தூளும் குழைத்து நிரப்பலாம்.

ஐந்தாவது, காப்பு. இருமுறை வார்னிஷ் பூசி, மெழுகு தேய்த்து, ஒட்டும்போது மேலே பிளாஸ்டிக் தாள் விரித்தால் பசை கட்டையில் பிடிக்காது. நடுக்கோட்டை அழியாதவாறு கீறி வையுங்கள். பட்டைகள் வழுக்கி விலகாமலிருக்கப் பக்கங்களில் சிறு தடுப்புகள் அமையுங்கள்.

ஒட்டும் வேளையில்

பசையின்றி ஒருமுறை பட்டைகளை அடுக்கிக் கட்டிப் பார்ப்பது கட்டாயம். இடைவெளி தெரிந்தால் அன்றைக்கு ஒட்டாதீர்கள். இறுக்குவதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. பழைய சைக்கிள் டியூபை நீளவாட்டில் கிழித்து, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி வரிந்து சுற்றினால் அழுத்தம் சீராகப் பரவும். கையுறை அணியுங்கள், காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்யுங்கள், தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

பட்டைக்குக் கல்மூங்கில் நன்று. ஆனால் பச்சை மூங்கிலில் உள்ள மாவுச்சத்தை நாடி வண்டு துளைக்கும். உளுத்த மூங்கில் வில்லுக்காகாது. நன்கு உலர்ந்ததையே கொள்க. காட்டுக்கு வெளியே வளர்க்கும் மூங்கில், 2017-ல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி மரம் என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டது. நம் பகுதி உழவர்களுக்கு இது ஒரு வாய்ப்பு. மதுரைக் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். முடிந்த வில்லைப் பூட்டிய காருக்குள் விட்டுவைத்தால் பசை இளகும் என்பதையும் நினைவிற் கொள்க.

எச்சரிக்கையும் எண்ணமும்

புதிய வில்லை முதல் நாளே முழுமையாக இழுக்கக் கூடாது. சிறிது சிறிதாக இழுத்து, இரு கைகளும் ஒத்து வளைவதைக் கண்ட பின்னரே பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். அம்பு பூட்டாத நாணை இழுத்து விடுவது வில்லைக் கெடுக்கும். வைக்கோற் பொதியே நம் இலக்கு. வயல்வெளிகளில் உலவும் மயில் முதலாய உயிரினங்களை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உயிருள்ளவற்றைக் குறிப்பலகையாக்கி எய்வதை நம் நபி (ஸல்) அவர்களும் தடுத்துள்ளார்கள்.

ஒரு சிறுவனோ சிறுமியோ நாணைக் கன்னம் வரை இழுக்கும்போது, அவ்வில்லைச் செய்தவரின் நேர்மையை நம்பியே இழுக்கிறார்கள். பசைக்குள் மறைந்த குறையை அவர்கள் காண இயலாது. செய்தவர் அறிவார், அல்லாஹ் அறிவான். அந்நம்பிக்கை ஓர் அமானிதம். காஜிமார் தெருவிலும் கோரிப்பாளையத்திலும் மேலூரிலும் திருமங்கலத்திலும் மரவேலை அறிந்த கைகள் நம்மிடையே இருக்கின்றன. அக்கைகள் யாரும் பாராத அச்சுக்கட்டையையும் மூலைமட்டம் வைத்துப் பார்க்குமானால், அவை செய்யும் வில் மட்டுமன்று, கதவும் கட்டிலும்கூட நேராகவே நிற்கும். இன்ஷா அல்லாஹ், நம் இளைஞர்கள் முயன்று பார்க்கட்டும்.