ஊரைப் படிக்கக் கற்போம்

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் செல்லும் சாலையில், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. அவ்வழியே செல்லும் பேருந்துப் பயணிகளுள் பலருக்கு அது ஒரு நிறுத்தம். சிலருக்கு ஒரு கோபுரம். சில நிமிடங்களில் ஊர் பின்னால் போய்விடும். ஆனால், இறங்கி நின்று கேள்வி கேட்பவருக்கு இந்தச் சிற்றூர் சொல்வதற்கு நிறைய வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரும் அப்படித்தான். கேட்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருவதுதான் கவலைக்குரியது.

ஊரைப் படிப்பதற்கு முதல் பாடநூல் அதன் பெயர். 'கரி' என்றால் யானை. யானை வலம்வந்து வழிபட்ட தலம் என்பது இவ்வூர்ப் பெயருக்குக் கூறப்படும் விளக்கம். இலக்கியங்களில் இது 'கருவை' என்றும் 'திருக்கருவை' என்றும் வழங்கும். சுற்றுவட்டாரப் பெயர்களும் இவ்வாறே பேசுகின்றன. நெற்கட்டும்செவல், இடைசெவல் ஆகிய பெயர்களில் உள்ள 'செவல்' செம்மண் நிலத்தைக் குறிக்கும். குருவிகுளம், தேவர்குளம் என்பவை நீர்நிலையைப் பெயரிலேயே தாங்கியவை. பனவடலிசத்திரம் என்ற பெயர், நடந்தும் மாட்டுவண்டியிலும் சென்ற வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறிய காலத்தை நினைவூட்டுகிறது. மண், நீர், வழி என ஒரு வட்டாரத்தின் பொருளாதாரத்துக்கு அடிப்படையான மூன்றும் ஊர்ப் பெயர்ப் பலகைகளிலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

இரண்டாவது பாடநூல் வரைபடம். ஒரே நிலத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரைபடங்கள் உண்டு என்பதைப் பயணி உணர வேண்டும். இந்த வட்டாரத்துச் சிவத்தலங்கள் ஐந்தினை ஐம்பூதத் தலங்களாகப் போற்றுவது மக்கள் மரபு. சங்கரன்கோவில் நிலம், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். மகா சிவராத்திரியன்று ஐந்து தலங்களையும் வழிபடுவதை அடியார்கள் வழக்கமாகக் கொண்டுள்ளனர். இது பக்தர்களின் வரைபடம்.

அரசு நிர்வாகத்தின் வரைபடம் வேறு. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டம் உருவானபோது சங்கரன்கோவில் வட்டாரம் புதிய மாவட்டத்துக்குள் வந்தது. தேவதானமோ விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. ஐந்து தலங்களையும் சுற்றிவரும் அடியாருக்கு மாவட்ட எல்லை ஒரு பொருட்டே அன்று.

சந்தையின் வரைபடம் மூன்றாவது. கரிசல் மண்ணின் பருத்தியும் ராஜபாளையத்து நூற்பாலைகளும், சங்கரன்கோவில் விசைத்தறிகளும், புளியங்குடி எலுமிச்சைச் சந்தையும், கோவில்பட்டி, சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலும் சேர்ந்து வரைந்த வரைபடம் அது. காலை நேரத்தில் பேருந்து நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்று, யார் எந்தத் திசைக்கு வேலைக்குச் செல்கிறார்கள் என்று கவனித்தாலே அதன் கோடுகள் புலப்படும். வேளாண்மை மட்டுமே ஓர் ஊருக்குச் சோறிடுகிறதா, வெளியூர்க் கூலியும் சேர்ந்து இடுகிறதா என்பதை எந்தப் புள்ளிவிவரத்துக்கும் முன்னால் அந்த நிறுத்தம் சொல்லிவிடும்.

மூன்றாவது பாடநூல் நீர். கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் நிட்சேப நதிக்கரையில் அமைந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையை நம்பி ஓடும் இந்த ஆறு வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்தது. 'நிட்சேபம்' என்ற வடசொல்லுக்கு வைப்பு, சேமித்து வைத்த பொருள் என்று பொருள். அது சார்ந்த பேராற்றின் பெயரோ வைப்பாறு. இருமொழிப் பெயர்களும் ஒரே கருத்தைச் சுட்டுகின்றன. ஆண்டு முழுவதும் ஓடும் பொருநையைப் போன்ற ஆறு இந்த நிலத்துக்கு இல்லை. வடகிழக்குப் பருவமழை தரும் சில வாரத்து வெள்ளத்தைக் குளங்களில் வைப்பாகச் சேர்த்து, அடுத்த சில மாதங்களுக்குச் செலவிடுவதே இங்கு வேளாண்மையின் கணக்கு.

அந்தக் கணக்கின் இயக்கம் நுட்பமானது. வரத்துக்கால் தூர்ந்தால் குளத்துக்கு வரவு இல்லை. கரை இளகினால் சேமிப்பு இல்லை. மடை பழுதானால் பங்கீடு இல்லை. மறுகால் அடைபட்டால் கரையே உடையும். மேலுள்ள குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த குளத்துக்கு நீர் சேரும் என்பதால், ஓர் ஊரின் அலட்சியம் அடுத்த ஊரின் வறட்சியாகும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, குளங்கள் இருப்பதாக அரசுக் கணக்கு கூறுகிறது. இவற்றை வெட்டியவர்களின் பெருமையை நாம் பேசுகிறோம். ஆண்டுதோறும் தூர்வாரியவர்களைப் பேசுவதில்லை. 'குடிமராமத்து' என்ற பெயரில் ஊரார் சேர்ந்து செய்த அந்தப் பணி நலிந்ததால்தான், 2017-இல் அதே பெயரில் அரசு ஒரு திட்டத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று.

இனி, இந்த ஊருக்கு வந்த ஒரு பயணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் உ.வே. சாமிநாதையர். சீவக சிந்தாமணியையும் பத்துப்பாட்டையும் சிலப்பதிகாரத்தையும் புறநானூற்றையும் அச்சேற்றிய அப்பேரறிஞர், ஏடு தேடித் தென்பாண்டி நாட்டின் ஊர்களில் அலைந்தவர். கரிவலம்வந்தநல்லூருக்கு அவர் வந்ததற்குக் காரணம் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்காசிப் பாண்டியர் மரபில் அதிவீரராம பாண்டியரும் வரதுங்கராம பாண்டியரும் அரசர்களாகவும் புலவர்களாகவும் விளங்கினர். நைடதமும், வெற்றிவேற்கை எனப்படும் நறுந்தொகையும் அதிவீரராமர் இயற்றியவை. பிரமோத்தர காண்டம் வரதுங்கராமருடையது. கருவை இறைவன் மீது பாடப்பெற்ற மூன்று அந்தாதிகளுள் பதிற்றுப்பத்தந்தாதி 'குட்டித் திருவாசகம்' என்று போற்றப்படுகிறது. அவற்றைப் பாடியவர் அதிவீரராமர் என்பாரும் வரதுங்கராமர் என்பாரும் உண்டு.

வரதுங்கராமர் கரிவலம்வந்தநல்லூரில் இருந்து ஆண்டவர் என்பதும், மகப்பேறு இல்லாத அவருக்கு இறைவனே ஈமக்கடன் செய்தார் என்பதும் தல மரபு. அத்தகைய புலவர் அரசரின் ஏடுகள் கோயிலில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டே சாமிநாதையர் வந்தார். கிடைத்த விடையை 'என் சரித்திரம்' நூலில் பதிவு செய்திருக்கிறார். பழுதுபட்ட ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட வேண்டும் என்று ஆகமம் சொல்கிறதாம், அவ்வாறே செய்துவிட்டார்களாம். எந்த நூல்கள் எரிந்தன என்பதைச் சொல்வாரும் இல்லை. அறிய வழியும் இல்லை. நெருப்புத் தலம் என்று போற்றப்படும் ஊரில் இது நடந்தது.

இந்த நிகழ்வைப் படிக்கும்போது எழும் முதல் உணர்ச்சி சினம். ஆனால், சற்று நிதானித்துப் பார்த்தால், எரித்தவர்கள் ஏட்டை வெறுத்தவர்கள் அல்லர் என்பது விளங்கும். அவர்கள் அதை மதித்தார்கள். மதித்த காரணத்தால்தான் குப்பையில் எறியாமல் நெய்யில் தோய்த்தார்கள். பிழை அதற்கு முன்பே நேர்ந்துவிட்டது. பனையோலை நிலையான பொருள் அன்று. வெப்பமும் ஈரமும் பூச்சியும் அதனை அரிக்கும். ஒரு தலைமுறை படித்து, அடுத்த தலைமுறைக்காகப் படியெடுத்தால் மட்டுமே நூல் வாழும். படியெடுக்கக் கற்றவர் வேண்டும். அவருக்கு ஊதியம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நூலைக் கேட்டு வரும் ஒருவர் வேண்டும். கேட்பவர் நின்றதும் படியெடுப்பது நின்றது. படியெடுப்பது நின்றதும் ஏடு பழுதானது. பழுதானதும் விதி தன் வேலையைச் செய்தது.

பொருளாதாரத்தில் இதனை முதலீட்டின் தேய்மானம் என்போம். எந்தச் சொத்தும் தானாக நிலைத்திருப்பதில்லை. ஆண்டுதோறும் சிறிது செலவிட்டுப் பேண வேண்டும். பேணுதலுக்குப் பொறுப்பானவர் யார் என்பது தெளிவில்லாத பொதுச் சொத்து முதலில் அழியும். குளத்துக்கும் ஏட்டுக்கும் பொதுவான விதி இது. ஊர் நினைவுக்கும் இதே விதி பொருந்தும். எந்த மடையிலிருந்து எந்த வயலுக்கு எந்த முறையில் நீர் பாய்ந்தது, எந்த ஆண்டுப் பஞ்சத்தில் யார் ஊரைவிட்டுப் போனார்கள், எந்தத் தெருவுக்கு எப்போது குடிநீர் வந்தது, எந்தத் தெருவுக்கு மிகவும் தாமதமாக வந்தது என்பவை முதியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அந்த ஏடுகளும் ஒவ்வொன்றாக நம் கண்முன் தீக்கிரையாகிக் கொண்டிருக்கின்றன.

ஊரைப் பதிவு செய்யும் முயற்சி தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களிடம் ஓர் எளிய பணியை ஒப்படைத்தார். விடுமுறையில் ஊருக்குச் செல்பவர்கள் ஒரு வினாப்பட்டியலுடன் சென்று ஊரை ஆராய்ந்து வர வேண்டும். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி என்ன, கடன் எவ்வளவு, என்ன உண்கிறார்கள் என்ற கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள் 1918-இல் நூலாயின. திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டானும், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரமும் அவற்றுள் அடங்கும். 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறு ஆய்வு செய்தனர். பின்னரும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சென்றனர். ஒரு நூற்றாண்டுக் கிராமப் பொருளாதார மாற்றத்தை இன்று நாம் அறிய முடிவதற்கு அடித்தளமிட்டவர்கள், விடுமுறைக்கு ஊர் சென்ற சில மாணவர்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையும் 1961 கணக்கெடுப்பையொட்டித் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த சிற்றூர்களுக்குத் தனித்தனி ஆய்வு நூல்களை வெளியிட்டது. கரிசல் மக்களின் பேச்சுச் சொற்களைத் திரட்டி அகராதியாக்கிய இடைசெவல் கி. ராஜநாராயணன், எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் இல்லாமல் அதே பணியைச் செய்தார். ஆக, வழிகாட்டிகளுக்குக் குறைவில்லை, தொடர்ச்சிதான் இல்லை.

சிற்றூருக்குச் செல்லும் பயணிக்குச் சில நெறிகளும் தேவை. ஊரைக் காட்சிப் பொருளாகக் கருதிப் படம் பிடித்துத் திரும்புவது பயணம் ஆகாது. கோயில் வாசலில் கேட்ட கதையுடன் நிறைவடைவதும் போதாது. ஊரின் நடுத்தெருவுக்கு ஒரு வரலாறு இருந்தால், ஊர்க் கோடியில் உள்ள தெருவுக்கு வேறொரு வரலாறு இருக்கும். கோயில் எழுப்பிய மன்னன் பெயர் கல்லில் இருக்கிறது. குளத்துக் கரைக்கு மண் சுமந்தவர், நாற்று நட்டவர், இரவெல்லாம் மடை காத்தவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும். இரு தெருக்களிலும் கேட்காதவர் அந்த ஊரைப் பாதிதான் பார்த்தவர் ஆவார். பெண்களிடம் கேட்காதவர் அந்தப் பாதியிலும் பாதி.

அரசு ஏடுகளையும் படிக்க வேண்டும். அ-பதிவேடு, அடங்கல், புலப்படம் ஆகியவை ஊரின் நிலத்தைச் சொல்லும். ஆனால், அவை சொல்லாதவற்றை மனிதர்கள்தான் சொல்வார்கள். பரம்பரைக் கணக்கர் முறை 1980-இல் ஒழிக்கப்பட்டது சமூக நீதி நோக்கில் தேவையான மாற்றம். அதேவேளை, தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரின் நிலத்தையும் நீரையும் அறிந்திருந்த நினைவு அதனோடு கலைந்தது. அதற்கு ஈடான பொது ஆவணத்தை நாம் உருவாக்கவில்லை.

உருவாக்குவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் கல்லூரிகளில் இயங்குகிறது. அதன் மாணவர்கள் ஆண்டுதோறும் ஏழு நாள் சிறப்பு முகாமுக்காக ஏதேனும் ஒரு சிற்றூருக்குச் செல்கின்றனர். அந்த ஏழு நாள்களில் இரண்டை ஊர்ப் பதிவுக்கு ஒதுக்கலாம். முதல் நாள் குளம், வரத்துக்கால், மடை, மறுகால் ஆகியவற்றை நடந்து அளந்து குறிக்கட்டும். இரண்டாம் நாள் எல்லாத் தெருக்களிலும் எழுபது வயதைக் கடந்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யட்டும். கைப்பேசி இருக்கும் காலத்தில் இதற்குத் தனிக் கருவி வேண்டியதில்லை. திரட்டியதைத் தொகுத்து ஒரு படியைக் கல்லூரி நூலகத்திலும், ஒரு படியை ஊராட்சி அலுவலகத்திலும், ஒரு படியை மாவட்ட மைய நூலகத்திலும் வைக்கலாம். ஒரே இடத்தில் இருக்கும் ஒற்றைப் படிக்கு என்ன நேரும் என்பதைக் கரிவலம்வந்தநல்லூர் நமக்குக் கற்பித்திருக்கிறது.

அந்தப் பதிவைக் கிராம சபைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். பிழை இருந்தால் ஊரார் திருத்துவார்கள். விடுபட்டிருந்தால் உரிமையோடு கேட்பார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய மாணவர்கள் அதே கேள்விகளுடன் திரும்ப வேண்டும். ஊராட்சிக்குத் தன் குளத்தின் பழைய எல்லையும், தன் தெருக்களின் தேவையும் எழுத்தில் இருந்தால், ஆக்கிரமிப்பு வழக்கிலும் நிதிக் கோரிக்கையிலும் அதுவே சான்றாகும்.

2011-க்குப் பிறகு நடைபெறாத மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2027-ஐக் குறிப்பாண்டாகக் கொண்டு அறிவிக்கப்பட்டுள்ளது. ஓர் ஊரில் எத்தனை வீடுகள், எத்தனை பேர் என்று அது சொல்லும். அந்த வீடுகள் அங்கே ஏன் அமைந்தன, அந்த மக்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும்.

சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூருக்குச் சில ஆண்டுகள் முன்னதாக வந்திருந்தால், இன்று தமிழ் நூல்களின் பட்டியல் சற்று நீண்டிருக்கக்கூடும். அந்தத் தாமதத்துக்கு அவர் பொறுப்பல்லர். ஆனால், இன்று நம் ஊர்களின் முதியவர்களிடம் கேட்கத் தாமதிப்போமானால், அதற்கு நாமே பொறுப்பாவோம். அடுத்த முறை சொந்த ஊருக்கோ, வழியில் உள்ள ஏதேனும் ஒரு சிற்றூருக்கோ செல்லும்போது, குளக்கரையில் அமர்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம் இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்போம். அவர் சொல்வதை எழுதிக்கொள்வோம்.