ஆராய்ச்சி முறைகளைத் தேர்தலும் இணைத்தலும்

ஒரு வயலில் என்ன விளைந்தது என்னும் வினாவிற்கு விடை காணும் வழிகள் பல. வரப்பில் நின்று பயிரைக் கண்ணால் மதிப்பிடலாம், உழவரையே கேட்கலாம், வயலின் ஒரு சிறு பகுதியை அளந்து, அறுத்து, அடித்து, நிறுத்துப் பார்க்கலாம், களத்து மேட்டில் முழு விளைச்சலையும் நிறுக்கலாம், இக்காலத்தில் செயற்கைக் கோளின் படத்தைக் கொண்டும் கணிக்கலாம். இவை யாவும் ஒரே எண்ணைத் தருவதில்லை. அங்ஙனமாயின் எதனை நம்புவது, எதனை எதனோடு சேர்ப்பது? ஆராய்ச்சி முறையியலின் மையக் கேள்வி இதுவே. கல்லூரி நூல்கள் இதனைப் பொதுப்படப் பேசிச் செல்லும். நம் நாட்டுக் களப்பணியாளர்கள் நன்கறிந்த விளைச்சல் அளவீட்டைக் கொண்டே இதனை இங்கு விளக்க முற்படுவோம்.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் பெரும்பாலும் வழங்கியது அணாவாரி முறை. இயல்பான விளைச்சலைப் பல மாகாணங்களில் 16 அணா எனக் கொண்டு, இவ்வாண்டுப் பயிர் 10 அணா, 12 அணா என்று கிராம அதிகாரி கண்ணால் மதிப்பிட்டு எழுதுவார். அதனை இயல்பு விளைச்சலாலும் சாகுபடிப் பரப்பாலும் பெருக்கினால் மாவட்டத்தின் உற்பத்தி கிடைத்துவிடும். செலவு ஏதுமில்லை, ஒரு வயலும் விடுபடுவதில்லை. ஆயினும், விளைச்சல் குறைவென எழுதினால் வரி தள்ளுபடிக்கு இடமுண்டு என்பதை எழுதுபவர் அறிவார். அளக்கும் கருவியே விளைவில் அக்கறை கொண்டதாக இருப்பின், அதன் அளவைச் சரிபார்க்காமல் ஏற்பதற்கில்லை.

இந்திய விஞ்ஞானிகள் இருவர் இதற்கு மாற்றுக் காண முனைந்தனர். 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பி. சி. மகலனோபிஸ், 1937-இலிருந்து வங்காளத்தில் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரி ஆய்வின் மூலம் மதிப்பிடலானார். முதலில் சிறு முன்னோட்ட ஆய்வு, அதில் செலவும் பிழையும் எவ்வளவு எனக் கண்டு அடுத்த ஆண்டு சற்று விரிவான ஆய்வு என அவர் படிப்படியாகச் சென்றார். அவர் கைக்கொண்ட மற்றோர் உபாயமும் கருதத்தக்கது. மாதிரியை இரு பாதிகளாக்கி, ஒரே பிரதேசத்தில் இரு குழுக்களைத் தனித்தனியே அனுப்புவார். இரு விடைகளும் பெரிதும் வேறுபட்டால் களப்பணியில் எங்கோ கோளாறு என்பது அலுவலகத்திலிருந்தே புலப்பட்டுவிடும்.

மற்றவர் பி. வி. சுகாத்மே. 1940-இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த இவர், பயிர் அறுவடைச் சோதனைகளை வேளாண்மை, வருவாய்த் துறைகளின் வழக்கமான ஊழியர்களைக் கொண்டே நடத்தலாம் என்றார். மகலனோபிஸ் அப்பணிக்கென்றே பயிற்றப்பட்ட தனி ஊழியர்களை விரும்பினார். 1943-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்திற்குப் பின் உணவு தானியக் கணக்கு உயிர்ப் பிரச்சினையாகிவிட்டபடியால், இவ்விவாதம் சபைகளோடு நின்றுவிடவில்லை. அதன் கூரிய முனை, அறுக்கும் துண்டின் அளவைப் பற்றியது. மகலனோபிஸின் முறையில் சில அடி ஆரமுள்ள சிறு வட்டங்கள் பல. சுகாத்மேயின் முறையில் 33 அடி நீளமும் 16½ அடி அகலமும் கொண்ட, ஏக்கரில் 80-இல் ஒரு பங்கான, பெரிய துண்டுகள் சில.

வாசகர் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எல்லைக் கோட்டின்மேல் நிற்கும் செடிகளை உள்ளே சேர்த்துக்கொள்வதே மனித இயல்பு. அதனால் எல்லை சுற்றிலும் 2 அங்குலம் வெளியே தள்ளிப்போனதாகக் கொள்வோம். 2 அடி ஆரமுள்ள வட்டம் அப்போது 26 அங்குல ஆரமுள்ளதாகிவிடும். பரப்பு சுமார் 17 சதவிகிதம் கூடிவிடும். அதே 2 அங்குலம் 33 அடிக்கு 16½ அடித் துண்டில் நிகழ்ந்தால் பரப்பு சுமார் 3 சதவிகிதமே கூடும். தவறு ஒன்றே, துண்டு சிறுத்தால் அதன் விளைவு பெருக்கும். சிறு துண்டுகள் விளைச்சலை மிகையாகக் காட்டுகின்றன என்று சுகாத்மே 1940-களின் இடையில் களச் சோதனைகளால் காட்டியதன் உட்பொருள் இதுவே. மறுபக்கத்தில், பெரிய துண்டை அறுத்து அடித்து நிறுக்க ஒரு குழுவிற்குப் பெரும்பொழுது செல்லும். எனவே குறைந்த வயல்களே மாதிரியில் இடம்பெறும் என்பதையும் மறுக்கவியலாது.

இங்கே ஒரு சொல் விளக்கம். பிழை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரு வகை உண்டு. ஒன்று தற்செயற் பிழை: ஒரு முறை கூடும், ஒரு முறை குறையும். மற்றொன்று சாய்வு: எப்போதும் ஒரே பக்கம் தள்ளும். மொழிபெயர்ப்புகளில் இவ்விரண்டையும் ‘தவறு’ என்ற ஒரே சொல்லால் எழுதிவிடுவதால் மாணவர் குழம்புவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். 100 வயல்களுக்குப் பதில் 400 வயல்களை ஆராய்ந்தால் தற்செயற் பிழை பாதியாகும். சாய்வோ அணுவளவும் குறையாது. ஆகவே ஒரு முறையைத் தேரும்போது ‘எத்தனை பேரை ஆராய்ந்தீர்?’ என்று கேட்பதற்கு முன், ‘உமது கருவி எப்பக்கம் சாய்கிறது?’ என்று கேட்டல் வேண்டும்.

சாய்வுள்ள மலிவான முறையை அடியோடு தள்ளிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அதனை நுட்பமான முறையோடு இணைக்கலாம். ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். 200 வயல்களைக் கண்ணால் மதிப்பிட்டதில் சராசரி 10 அணா. அவற்றுள் குலுக்கல் முறையில் எடுத்த 20 வயல்களில் மட்டும் அறுவடைச் சோதனை நடத்துகிறோம். அந்த 20-இன் கண்மதிப்புச் சராசரி 10½ அணா. நிறுத்துக் கண்ட சராசரி ஏக்கருக்கு 840 கிலோ. அதாவது அணாவொன்றுக்கு 80 கிலோ. எனவே 200 வயல்களின் சராசரி 800 கிலோ எனலாம். அந்த 20-ஐ மட்டும் நம்பியிருந்தால் 40 கிலோ மிகையாகக் கூறியிருப்போம்; கண்மதிப்பை மட்டும் நம்பியிருந்தால் அணா எத்தனை கிலோ என்பதே தெரிந்திராது. ஆனால் இங்கு ஒரு நிபந்தனை உண்டு: எந்த வயல்கள் அறுக்கப்படும் என்பது கண்மதிப்புச் செய்பவருக்கு முன்கூட்டித் தெரியலாகாது. தெரிந்தால் அவ்வயல்களை மட்டும் கூர்ந்து நோக்குவார். இணைப்பின் பயன் கெடும்.

ஒரு முறை மற்றொன்றின் நிழலில் படாதிருக்க வேண்டும் என்னும் இவ்விதியை மீறியதன் விலையை நம் நாடு ஒருமுறை கொடுத்ததுண்டு. தேசிய மாதிரி ஆய்வு 1950-இல் தொடங்கியது. குடும்பங்களின் உணவுச் செலவை வினவும்போது, கடந்த 30 நாட்களைப் பற்றிக் கேட்பதா, 7 நாட்களைப் பற்றிக் கேட்பதா என்பது பழைய வினா. 1990-களின் பிற்பகுதியில் சில சுற்றுகளில் ஒரு பகுதிக் குடும்பங்களிடம் ஒரு வினாவும் வேறு பகுதியினரிடம் மற்றதும் கேட்கப்பட்டன. 7 நாள் வினா கணிசமாக உயர்ந்த செலவைக் காட்டியது. 1999-2000-இல் நடந்த 55-ஆம் சுற்றில் இரு வினாக்களையும் ஒரே படிவத்தில் அருகருகே அச்சிட்டு ஒரே குடும்பத்திடம் கேட்டனர். இரு விடைகளும் ஒன்றையொன்று நெருங்கிவிட்டன. ஒன்றைச் சொன்னவர் மற்றதை அதற்கு இசையச் சொன்னார் போலும். அல்லது எழுதியவர் இசைவித்தார் போலும். அவ்வாண்டின் வறுமைக் கணக்கை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட முடியாமற் போயிற்று. பொருளியலறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். இரண்டு சான்றுகள் ஒத்துப்போவது எப்போதும் உண்மையின் அடையாளமாகாது.

சமூக விஞ்ஞானிகள் பல முறைகளை இணைப்பதை ‘முக்கோண அளவை’ என்பர். நார்மன் டென்சின் 1970-இல் இதனை நால்வகையாக்கினார்: தரவுகளைப் பலவாக்குதல், ஆய்வாளரைப் பலராக்குதல், கோட்பாடுகளைப் பலவாக்குதல், முறைகளைப் பலவாக்குதல். மகலனோபிஸின் இரு குழுக்கள் இரண்டாம் வகையின் பாற்படும் என்பதை வாசகர் உணர்வர். இவ்வுவமை நில அளவையிலிருந்து வந்தது. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து பெரும் அளவையைத் தொடங்கினார். பின்னர்க் கோணங்களை அளந்தே தொலைவுகளைக் கணித்தனர். ஆயினும் தொலைவில் மற்றோர் அடிக்கோட்டை நேரே அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்ட பின்னரே இடைப்பட்ட முக்கோணங்களை நம்பினர். உவமையைக் கடன் வாங்கியவர் பலர் இச்சரிபார்ப்பை மட்டும் வாங்க மறந்தனர் என்பது என் எண்ணம்.

இன்றைய நிலைக்கு வருவோம். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு பகுதியின் சராசரி விளைச்சல் குறித்த வரம்பிற்குக் கீழ் இறங்கினால் இழப்பீடு உண்டு. அச்சராசரியைத் தருவது பயிர் அறுவடைச் சோதனை. எல்லைச் செடிகளைச் சேர்த்துக்கொள்ளும் அந்த 2 அங்குலம், ஊரிலுள்ள அத்தனை உழவரின் இழப்பீட்டையும் தின்றுவிடக்கூடும். 2023 காரிஃப் பருவத்திலிருந்து நெல், கோதுமைக்குத் தொழில்நுட்பக் கணிப்பிற்கு 30 சதவிகித எடை தரவேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. நிறுத்துக் கண்டது 2,400 கிலோ, படத்தால் கணித்தது 2,000 கிலோ என்றால் கலந்த விடை 2,280 கிலோ. நிர்வாகத்திற்கு ஓர் எண் வேண்டும், அது கிடைத்துவிட்டது. ஆனால் இடையிலுள்ள 400 கிலோ எங்கிருந்து வந்தது என்று எவரேனும் அவ்வயலுக்குச் சென்று பார்த்தாலன்றி, இது கலவையே தவிரச் சரிபார்ப்பு அன்று. மேலும் அக்கணிப்பு முறை பழைய அறுவடைச் சோதனைகளைக் கொண்டே பயிற்றப்பட்டிருப்பின், அச்சோதனைகளின் சாய்வு அதிலும் குடிகொண்டிருக்கும்.

பள்ளி ஆசிரியர்க்கும் இது அயலன்று. மாணவர் வருகை குறைவது ஏன் என ஆராய விரும்பும் ஆசிரியர், பதிவேட்டை முதலில் நம்பாமல், அறிவிப்பின்றிச் சில நாட்கள் தலைகளை எண்ணுக. இரண்டும் எம்மாதத்தில், எவ்வகுப்பில் பிரிகின்றன என்று குறிக்க. அதன் பின்னரே, அப்பிரிவு மிகுந்த வகுப்பின் பிள்ளைகள் சிலரின் வீடுகளுக்குச் சென்று, காரணத்தைப் பெற்றோர் வாய்மொழியாகக் கேட்க. எண் ‘எவ்விடத்தில்’ என்பதைக் காட்டும். பேச்சு ‘ஏன்’ என்பதைக் காட்டும். காரணங்களைப் பற்றி ஏதும் அறியாத நிலையில் இவ்வரிசையை மாற்றி, முதலில் பேசி, அப்பேச்சில் கிடைத்த சொற்களைக் கொண்டு வினாப் படிவம் அமைத்துப் பின் எண்ணுவதே முறை. சென்ற வீடுகளில் பூட்டியிருந்தவை எத்தனை என்பதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுக. வேலை தேடி வெளியூர் சென்ற குடும்பங்கள் பெரும்பாலும் அவற்றுள்ளேயே இருக்கும்.