வெறும் வயிற்றில் ஒன்று
நம் வீட்டு மருந்துப் பெட்டி – 11

சென்ற வாரம் பார்த்த மூட்டுவலி மாத்திரைகளோடு ஒட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்ததுதான் இந்த வார மாத்திரை. சிங்காநல்லூரிலோ சோமனூரிலோ ஒரு மருந்துக்கடை முன்னால் சற்று நேரம் நின்றால் காதில் விழும்: "ஏனுங் தம்பி, அந்தக் கேஸ் மாத்தர அஞ்சு குடுங்." கடைக்காரர் சீட்டு கேட்பதில்லை. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பதற்காகவே அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். கத்திரிக்கோல் அந்தக் கோட்டோடு சேர்த்து ஐந்தை வெட்டிக் கொடுத்துவிடுகிறது.

பேன்டோபிரசோல், ஒமிப்ரசோல், ரபிப்ரசோல் எல்லாம் ஒரே குடும்பம். இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் நுண்ணிய பம்புகளை இவை பூட்டிவிடுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் பூட்ட முடியும்; பம்பு மும்முரமாக ஓடுவதோ சாப்பிடும்போது. அதனால்தான் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னதாகப் போடச் சொல்கிறார்கள். இட்லி உள்ளே போனபிறகு போட்டால் பலன் குறையும். பூட்டிய பம்பு திரும்பத் திறக்காது, உடல் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். ஆகவே ரத்தத்திலிருந்து மருந்து சில மணி நேரத்தில் போய்விட்டாலும் வேலை ஒரு நாளைத் தாண்டியும் நிற்கிறது.

1988-ல் ஸ்வீடனின் ஆஸ்ட்ரா நிறுவனம் ஒமிப்ரசோலைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய காலத்தில் அல்சருக்காக வயிற்றைத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஏராளம். அந்தத் தழும்போடு வாழும் பெரியவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். இந்த மாத்திரையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. உணவுக்குழாய் வெந்து புண்ணானவர்கள், பேரட்ஸ் என்னும் திசுமாற்றம் கண்டவர்கள், ஆஸ்பிரினோ வலிமாத்திரையோ விட முடியாத, ரத்தக்கசிவு ஆபத்துள்ள முதியவர்கள் – இவர்கள் வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துப் பயந்து நிறுத்தினால் ஆபத்து.

பயம் எவ்வளவு நியாயம்? எலும்பு முறிவு, சிறுநீரகக் கோளாறு, மறதி என்று பட்டியல் நீள்கிறது. பெரும்பாலும் இவை மாத்திரை போடுபவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுச் சொன்னவை. மாத்திரை போடுபவர்கள் ஏற்கெனவே நோயாளிகள் என்பதால் எதனால் எது வந்தது என்று பிரிப்பது கடினம். 17,598 இதய, ரத்தக்குழாய் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குப் பேன்டோபிரசோலும் மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் சுமார் மூன்று ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டுமே: வெறும் மாத்திரை போட்டவர்களில் ஆயிரத்துக்கு 10 பேருக்கு வந்தது, பேன்டோபிரசோல் போட்டவர்களில் 14 பேருக்கு வந்தது. ஆனால் மூன்று ஆண்டு வேறு, பதினைந்து ஆண்டு வேறு. அதே 2019-ல், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு வரலாம் என்று மருந்தோடு வரும் தாளில் அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி உத்தரவிட்டார். ஐந்தாக வெட்டி வாங்குபவர் கைக்கு அந்தத் தாள் வருவதே இல்லை.

நம் பக்கத்தில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடாத வீடு அரிது. அதுவும் பி12 சத்தைக் குறைக்கும், இதுவும் குறைக்கும். இரண்டையும் பல வருடம் சேர்த்துப் போடுபவருக்குக் கால் மரத்துப்போனால் சர்க்கரையின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை அட்டையில் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் 'டி'. டோம்பெரிடோன் என்ற இரண்டாவது மருந்து அது. இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும் என்பதால், 2014-ல் ஐரோப்பிய மருந்து முகமை அதை வாந்தி, குமட்டலுக்கு மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் கொடுக்கச் சொன்னது. நெஞ்செரிச்சலுக்கு அதை அனுமதிக்கவில்லை. இங்கே அதையே வருடக்கணக்கில் விழுங்குகிறோம், 'கேஸ் மாத்திரை' என்ற பெயரில்.

"விட்டுப் பாத்தனுங்க, ரெண்டே நாள்ல நெஞ்சு கரிக்குதுங்க" என்பவர்கள் சொல்வது பொய்யில்லை. டென்மார்க்கில் எந்த வயிற்றுத் தொந்தரவும் இல்லாத 120 பேரை வைத்து 2009-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எட்டு வாரம் மாத்திரை போட்டு நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு எரிச்சல், எதுக்களிப்பு. வெறும் மாத்திரை போட்டவர்களில் 15 சதவீதம்தான். அடக்கி வைத்த அமிலம் கொஞ்சநாள் கூடுதலாகச் சுரக்கிறது. அதை நோய் திரும்பியதாக நினைத்து மறுபடி கடைக்கு ஓடுகிறோம். மருத்துவரிடம் கேட்டு, தேவையில்லை என்று அவர் சொன்னால், ஒருநாள் விட்டு ஒருநாளாக்கிக் குறைக்கலாம்; இடையில் எரிந்தால் ஜெலுசில் போதும். எதற்காக ஆரம்பித்தீர்கள், எப்போது நிறுத்தலாம் என்ற இரண்டையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

திருப்பூரில் ஓவர்டைம் முடித்துப் பதினொரு மணிக்குப் புரோட்டா சால்னா சாப்பிட்டு அப்படியே படுப்பவரிடம் சீக்கிரம் சாப்பிடுங்கள் என்பது எளிது. ஷிப்ட்டை அவரா போடுகிறார்? இடைவேளையிலேயே வயிறார உண்டு, வீடு திரும்பியபின் கொஞ்சமாக முடித்துக்கொள்வதும், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்துவதும் அவரால் முடியும். விழுங்கும்போது அடைத்தாலோ, மலம் கருத்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ மாத்திரையால் சமாளிக்காதீர்கள். எண்டோஸ்கோப்பி பார்த்தாக வேண்டும்.

ஒரு சிக்கல் மீதியிருக்கிறது. தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில்தான். அமிலம் குறைந்தால் அது உடலில் சேர்வதும் குறைகிறது. இரண்டும் போடும் பெண்கள் என்ன செய்வது? அடுத்த இதழில்.