இரைச்சலின் ஊற்று: ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரின் பவர் சப்ளை

வீட்டில் கட்டிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் முனகினால் முதலில் சோதிக்க வேண்டியது பவர் சப்ளையை. முனகலின் சுருதியே பாதி விடை சொல்லிவிடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் பிரிட்ஜ் ரெக்டிஃபயரைக் கடந்தபின் அதில் எஞ்சும் ஏற்ற இறக்கம் 100 ஹெர்ட்ஸ். அந்த ஒலி கேட்டால் ஃபில்டர் கெப்பாசிட்டர் வறண்டிருக்கலாம். ரெகுலேட்டருக்குப் போதிய வோல்ட் வராமலும் இருக்கலாம். 50 ஹெர்ட்ஸ் முனகல் என்றால் கிரவுண்ட் வயரிங், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம், அறுந்த டையோடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

டிரான்சிஸ்டர் வகை ஆம்ப்ளிஃபயரில் அடிக்கடி நேர்வது ரெகுலேட்டர் கால்களின் குழப்பம். 7815 ரெகுலேட்டரின் நடுக்கால் கிரவுண்ட். அதன் மைனஸ் ஜோடியான 7915-இல் நடுக்கால் இன்புட். உருவம் ஒன்றே என்பதால் அனுபவசாலிகளும் ஏமாறுவார்கள். 7815 சீராக இயங்க, உள்ளே வரும் மின்னழுத்தம் மிகத் தாழும் கணத்திலும் 17 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. சாதாரண மீட்டர் சராசரியையே காட்டும், அந்தத் தாழ்வைக் காட்டாது. ஆகவே 18 வோல்ட் என்ற அளவைப் பார்த்துத் திருப்திப்படுவது அவசரம்.

வால்வு வகையில் உயிராபத்து உண்டு. 200 வோல்ட்டுக்கு மேல் தேக்கிய கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும். தகுந்த ரெசிஸ்டர் வழியாக அதை வெறுமையாக்கி, மீட்டரால் உறுதிசெய்த பின்பே உள்ளே கை வைக்கலாம். எல்லா மின்னழுத்தமும் சரியாக இருந்தும் முனகினால், 6.3 வோல்ட் ஹீட்டர் சுற்று கிரவுண்டோடு தொடர்பில்லாமல் மிதக்கக்கூடும். அதன் இரு முனைகளிலிருந்தும் தலா 100 ஓம் ரெசிஸ்டரை கிரவுண்டுக்கு இணைத்தால் பெரும்பாலும் அடங்கும்.