பேறுபெற்றோர் யார்?



சிட்லபாக்கத்தில் ஒரு குடும்பம் பல ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்து, வங்கிக் கடன் வாங்கி, சொந்த வீடு கட்டி முடிக்கிறது. பங்குத்தந்தை வந்து வீட்டை மந்திரிக்கிறார். "ஆண்டவர் எங்களை ஆசீர்வதித்தார் பாதர்" என்று வீட்டார் கண்கலங்கச் சொல்கிறார்கள். நன்றி சொல்வது நல்லதே. நாமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறோம்.

ஆனால் 2015ஆம் ஆண்டு பெருமழையில் சிட்லபாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் எத்தனையோ வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அவற்றுள் மந்திரிக்கப்பட்ட வீடுகளும் உண்டு. செபமாலை சொல்லும் குடும்பங்களின் வீடுகளும் உண்டு. வீடு கிடைத்தது ஆசீர்வாதம் என்றால், வீட்டுப் பொருட்களை எல்லாம் இழந்தவர்களை ஆண்டவர் ஆசீர்வதிக்கவில்லையா? நாம் வெளியே கேட்கத் தயங்கும் கேள்வி இது. உண்மையான மகிழ்ச்சி எது என்பதை அறிய, இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பதினாறும் எட்டும்

"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்று மணமக்களை வாழ்த்துவது நம் தமிழ் மரபு. கல்வி, செல்வம், நன்மக்கள், நோயில்லா உடல், நீண்ட ஆயுள் என அந்தப் பதினாறு பேறுகள் நீளும். இவை அனைத்தும் நல்லவையே. பழைய ஏற்பாடும் இவற்றை இறைவனின் கொடைகளாகவே காண்கிறது.

ஆனால் மலைமீது அமர்ந்து போதித்த இயேசுவின் பட்டியல் வேறு. எளிய உள்ளம் கொண்டவர்கள், துயரத்தில் இருப்பவர்கள், கனிவுள்ளவர்கள், நீதிக்காகப் பசித்திருப்பவர்கள், இரக்கம் காட்டுபவர்கள், தூய உள்ளத்தினர், சமாதானம் செய்து வைப்பவர்கள், நீதியின் பொருட்டுத் துன்புறுத்தப்படுபவர்கள் ஆகிய எட்டு வகையினரை அவர் பேறுபெற்றவர்கள் என்கிறார் (மத் 5:3-10). இதில் வீடும் இல்லை, பொருளும் இல்லை, பதவியும் இல்லை!

சில பழைய மொழிபெயர்ப்புகளில் 'பாக்கியவான்கள்' என்றிருக்கும் சொல், 1995ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியத்தில் 'பேறுபெற்றோர்' என்று உள்ளது. 'பெறு' என்பதிலிருந்து வருவதே 'பேறு'. மகப்பேறு என்கிறோம் அல்லவா? பேறு என்பது நாம் உழைத்து ஈட்டும் கூலி அன்று, நமக்கு அருளப்படுவது. வந்து போகும் மனநிலையும் அன்று. இறைவனோடு நமக்குள்ள உறவின் நிலை.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளவும் கூடாது. வறுமை நல்லது என்றோ, கண்ணீர் இனியது என்றோ இயேசு சொல்லவில்லை. அவரே பசித்தவர்களுக்கு உணவளித்தார், அழுதவர்களோடு அழுதார். துன்பத்தை அவர் பேறு என்று சொல்லவில்லை. துன்பத்தில் இருப்பவரைக் கடவுள் கைவிடவில்லை, அதுவே அவருடைய பேறு என்கிறார். எட்டில் முதல் வாக்கையும் கடைசி வாக்கையும் கவனியுங்கள். இரண்டிலும் விண்ணரசு 'அவர்களுடையது' என்கிறார். 'அவர்களுடையது ஆகும்' என்று சொல்லவில்லை. நடுவில் உள்ள ஆறும் வருங்கால வாக்குறுதிகள். ஆறுதலும் நிறைவும் இனி வரும். இறைவனோ இப்போதே உடன் இருக்கிறார். உண்மையான மகிழ்ச்சி செல்வத்திலோ புகழிலோ அதிகாரத்திலோ இல்லை, எல்லா நன்மைக்கும் ஊற்றாகிய கடவுளிடமே உள்ளது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 1723) கற்பிக்கிறது.

இழந்தும் பேறுபெற்றவர்

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு சாட்சி உண்டு. 1712ஆம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் பணியாற்றியவர். பயிரும் கால்நடைகளும் அழிந்து அவர் மனமுடைந்திருந்த வேளையில், டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. 1745ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்று, தேவசகாயம் என்னும் பெயரை ஏற்றார். 'கடவுளே துணை' என்பது அதன் பொருள்.

அதன்பின் நடந்தது என்ன? யோபு தாம் இழந்ததை இருமடங்காகத் திரும்பப் பெற்றார். தேவசகாயமோ இன்னும் அதிகமாக இழந்தார். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் பழகினார். 1749ஆம் ஆண்டு கைது செய்யப்பட்டார். அரண்மனைப் பணி போயிற்று, விடுதலை போயிற்று, 1752 சனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிரையும் ஈந்தார். நம்பிக்கையை விட்டிருந்தால் எல்லாம் திரும்பக் கிடைத்திருக்கும். அவர் விடவில்லை. ஆண்டவரை நம்பினால் இழந்த மாடு திரும்பி வரும் என்பதற்காக அவர் நம்பவில்லை. ஆண்டவரே போதும் என்று நம்பினார். குடும்பத்தவரான இந்தப் பொதுநிலையினரை 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

நம் அருகில் உள்ள மலை

நமக்கு அருகில் உள்ள பரங்கிமலையும் இதையே நினைவூட்டுகிறது. திருத்தூதர் தோமா மறைசாட்சியாக இறந்த இடம் என்று மரபு சொல்லும் மலை அது. அவர் ஆண்டவரின் காயங்களைக் கண்டு நம்பினார். அவரிடமே ஆண்டவர், காணாமல் நம்புகிறவர்கள் பேறுபெற்றவர்கள் என்றார் (யோவா 20:29). அந்தப் பேறு நமக்குரியது. கேட்டது கிடைத்த பிறகு நம்புவது எளிது. வேலை கிடைக்காதபோதும், மருத்துவ அறிக்கை மோசமாக வந்தபோதும், "ஆண்டவரே, நீர் உடன் இருக்கிறீர்" என்று சொல்வதே காணாமல் நம்புவது.

நாம் செய்யக்கூடியது

நம் அன்பியக் கூட்டங்களில் சாட்சி சொல்லும் நேரத்தை எண்ணிப் பார்ப்போம். மகனுக்கு வேலை, மகளுக்குத் திருமணம், புது வீடு என்று ஒவ்வொருவராகச் சொல்கிறோம். வேலை இழந்தவரும், பிள்ளைப்பேறு இல்லாத தம்பதியரும், கணவரை இழந்தவரும் ஒரு மூலையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார்கள். ஆண்டவர் தங்களை மறந்துவிட்டார் என்று நாமே அவர்களை நினைக்க வைத்துவிடுகிறோம்! இயேசு பேறுபெற்றவர்கள் என்று முதலில் அழைத்தது அவர்களைத்தான்.

எனவே அடுத்த அன்பியக் கூட்டத்தை, சொல்வதற்கு நல்ல செய்தி எதுவும் இல்லாத ஒரு வீட்டில் நடத்துவோம். தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையில் துணையின்றி இருக்கும் நோயாளி ஒருவரைச் சந்திப்போம். அடுத்த மழைக்காலத்தில் தாழ்வான தெருவில் உள்ளவர்களுக்கு நம் மாடி அறையைத் திறந்துவிடுவோம். இரக்கம் காட்டுவோர் இரக்கம் பெறுவர் என்பதும் அந்த எட்டில் ஒன்றல்லவா? சொந்த வீடு அப்போதுதான் உண்மையான ஆசீர்வாதமாகும்.

இறைவன் தாமே நம் பேறாக இருப்பாராக. அவர் உடன் இருப்பதை, பெறும்போதும் இழக்கும்போதும் உணர்ந்து வாழ அவர் நமக்கு அருள்வாராக. ஆமென்.