மென்பொருளைக் காப்போர்

நுழையும்முன்

புதியதொன்றைப் படைப்போரை உலகம் போற்றுகிறது. படைத்ததைப் பழுதின்றிக் காப்போரை அது பெரும்பாலும் அறிவதில்லை. அன்றாடக் கருவிகளுக்குள் இயங்கும் மென்பொருளை உருவாக்க உதவும் ஒரு கட்டமைப்பு முறையையும், அதனைக் காத்துவருவோரின் பணியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கருவிக்குள் ஒரு கணினி

வீட்டில் இணைய இணைப்பைப் பகிர்ந்தளிக்கும் ரவுட்டரை நாம் கணினியாக எண்ணுவதில்லை. அதற்குத் திரையில்லை; விசைப்பலகையும் இல்லை. ஆயினும், அதனுள் நுண்செயலியும் நினைவகமும் இயங்குதளமும் உள்ளன. இவ்வாறு ஒரு கருவிக்குள் பொதிந்திருந்து, அக்கருவிக்குரிய பணியை மட்டும் செய்யும் கணினியை உட்பொதி கணினி என்பர். கண்காணிப்புக் கேமரா, தொலைக்காட்சி, தொழிற்சாலை இயந்திரம் எனப் பலவற்றுள்ளும் இத்தகைய கணினிகள் இயங்குகின்றன. அவற்றுள் பல, லினக்ஸ் என்னும் திறந்தமூல இயங்குதளத்தைப் பயன்படுத்துகின்றன.

கட்டமைத்தல் என்பது யாது?

மனிதர் எழுதும் மூலநிரலை நுண்செயலி நேரடியாக அறியாது. கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பியே அதனைப் பொறிமொழியாக மாற்றுகிறது. சிறிய கருவியில் இப்பணிக்குப் போதிய நினைவகமும் வேகமும் இருப்பதில்லை. எனவே, ஆற்றல்மிக்க வேறொரு கணினியில், அக்கருவியின் நுண்செயலிக்கு ஏற்றவாறு நிரல் பெயர்க்கப்படுகிறது.

ஒரு கருவிக்கு ஒரு நிரல் மட்டும் போதாது. தொடக்க நிரல், கெர்னல் எனப்படும் இயங்குதளக் கரு, நிரலகங்கள், பயன்பாட்டு நிரல்கள் எனப் பல வேண்டும். ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருப்பதால், அவற்றை உரிய வரிசையில் உருவாக்க வேண்டும். மூலநிரலைத் தருவித்தல், விரித்தல், திருத்தங்களைச் சேர்த்தல், கருவிக்கேற்ப அமைத்தல், பொறிமொழிக்கு மாற்றுதல், நிறுவுதல் ஆகிய படிகளை முறையாக நிகழ்த்தி, கருவியில் பதிக்கத்தக்க ஒரே கோப்பாகத் தருவதே கட்டமைப்பு முறையின் பணியாகும்.

பில்ட்ரூட்டின் வரலாறு

இத்தகைய திறந்தமூலக் கட்டமைப்பு முறைகளுள் ஒன்று பில்ட்ரூட். சிறிய கருவிகளுக்கான யுசிலிப்சி என்னும் நிரலகத்தை உருவாக்கியோர், அதனைச் சோதித்துப் பார்ப்பதற்காக 2001ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். பலரும் பயன்படுத்தத் தொடங்கியபின், பொறுப்பேற்று நடத்துவோர் இல்லாத காலம் ஒன்று வந்தது. பலர் தத்தம் விருப்பம்போல் மாற்றங்களைச் சேர்த்தனர். நம்பத்தக்க நிலையான வெளியீடு எதுவும் வரவில்லை. நிரல் அனைவர்க்கும் பொதுவாக இருந்தது. அதற்கான பொறுப்பை மட்டும் எவரும் ஏற்கவில்லை.

2009ஆம் ஆண்டு சனவரியில் பீட்டர் கோர்ஸ்கார்டு பராமரிப்பாளர் பொறுப்பை ஏற்றார். அடுத்த மாதமே நிலையான வெளியீடு வந்தது. அதன்பின், பிப்ரவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் என மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வெளியிடும் வழக்கம் நிலைபெற்றது. ஒருவர் அனுப்பும் திருத்தத்தைப் பிறர் படித்து ஆராய்ந்தபின் சேர்க்கும் ஒழுங்கும் வலுப்பெற்றது. இன்று 2,500க்கும் மேற்பட்ட மென்பொருள்களை இம்முறையின்வழிக் கட்டமைக்க இயலும்.

மாறாத நிரலும் பழுதடைவது ஏன்?

இரும்பைப்போல் நிரல் துருப்பிடிப்பதில்லை. ஆனால், அதனைச் சூழ்ந்துள்ளவை மாறிக்கொண்டே இருக்கின்றன. 2024ஆம் ஆண்டில் ஜிசிசி என்னும் நிரல்பெயர்ப்பியின் 14ஆம் பதிப்பு வந்தபோது, அதுவரை எச்சரிக்கையோடு விடப்பட்ட சில குறைகள் பிழைகளாகக் கருதப்பட்டன. ஓரெழுத்தும் மாறாத பழைய நிரல்கள் பல, அப்பதிப்பில் பெயர்க்க இயலாதவையாயின. இவ்வாறே, மூலநிரல் இருந்த இணையதளம் மறைந்துபோவதும், பாதுகாப்புக் குறை திடீரெனப் புலப்படுவதும் உண்டு.

இவற்றை எதிர்கொள்ளப் பராமரிப்போர் பல வழிகளைக் கையாளுகின்றனர். தானியங்கிக் கணினிகள் இரவும் பகலும் வெவ்வேறு சேர்க்கைகளில் மென்பொருளைக் கட்டமைத்துப் பார்த்து, தோல்விகளை உரியவர்க்கு அறிவிக்கின்றன. தருவிக்கப்படும் கோப்பு மாற்றப்படாதது என்பதை உறுதிசெய்ய, அதிலிருந்து கணிக்கப்படும் சரிபார்ப்புக் குறியீட்டை முன்னரே பதிந்து வைக்கின்றனர். மூலநிரல்களின் படிகளையும் தனியே சேமிக்கின்றனர்.

நம்பிக்கையின் விலை

இத்தனை காவல்களுக்கும் அப்பால், மனிதர்மீது கொள்ளும் நம்பிக்கை ஒன்று உள்ளது. அது எத்துணை மென்மையானது என்பதை 2024ஆம் ஆண்டில் உலகம் உணர்ந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்னும் மென்பொருளை, நெடுங்காலம் தன்னார்வலர் ஒருவரே காத்துவந்தார். பணி தாமதமாகிறதெனச் சிலர் அவரை நெருக்கினர். அச்சூழலில் உதவ முன்வந்த ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நற்பணி செய்து நம்பிக்கை பெற்றபின், பிறர் கணினிக்குள் நுழைய வழிசெய்யும் தீய நிரலை அதில் புகுத்தினார். கட்டமைக்கப்படும்போது மென்பொருளுக்குள் சேரும் வகையில் அது மறைக்கப்பட்டிருந்தது. அனுப்புபவரே வஞ்சிக்கும்போது சரிபார்ப்புக் குறியீடும் பயன்படுவதில்லை.

தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கண்ட ஆண்ட்ரெஸ் பிராயண்டு என்னும் மென்பொறியாளர், காரணத்தைத் தேடிச் சென்று அச்சூழ்ச்சியை வெளிப்படுத்தினார். அந்த நிரல் பரவலாகச் சென்றடையும் முன்பே தடுக்கப்பட்டது.

நம் கடமை

திறந்தமூல மென்பொருளை எவரும் படிக்கலாம், பயன்படுத்தலாம், மாற்றலாம். இவ்வுரிமை உலகிற்குக் கிடைத்த பெருங்கொடை. ஆனால், பயன்பெறுவோர் எண்ணற்றவராகவும் காப்போர் மிகச் சிலராகவும் இருக்கும்போது, சுமை முழுவதும் அச்சிலரின் தோள்மீதே விழுகிறது. பிழையைத் தெளிவாக எழுதி அறிவிப்பதும், விளக்கக் குறிப்பைத் திருத்தித் தருவதும், பிறர் எழுதியதைப் பொறுமையுடன் படித்துச் சரிபார்ப்பதும் அச்சுமையைப் பகிரும் வழிகளே. நிரலெழுதக் கற்கும் மாணவர் இவற்றிலிருந்தே தொடங்கலாம்.