நடுக்கடலில் திறந்த கதவு

1969 ஜூலை 24. நிலாவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 பசிபிக் கடலில் வந்து விழுந்தது. ஹார்னெட் கப்பலில் அதிபர் நிக்சனே காத்திருந்தும், ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவருக்கும் அவரால் கைகொடுக்க முடியவில்லை. இறுக்கி மூடிய ஒரு கேரவனுக்குள் அவர்களை அடைத்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான் பேச்சு. நிலாக் கிருமி ஏதாவது தொற்றிக்கொண்டு வந்திருந்தால்?

நிலாவை விட்டுக் கிளம்பியதிலிருந்து கணக்கிட்டு 21 நாள் அடைப்பு. ஹூஸ்டனில் இதற்கென்றே ஓர் ஆய்வகம். அங்கே நிலாத் தூளை எலிகளுக்கு ஊசியில் ஏற்றினார்கள்; கரப்பான்பூச்சிகளுக்குத் தின்னக் கொடுத்தார்கள். காடை, இறால், சிப்பி எதுவும் தப்பவில்லை.

ஓட்டை வேறிடத்தில் இருந்தது. கலத்தை மூடியபடியே கப்பலில் ஏற்றியிருக்க வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்போது கிரேனில் தூக்குவது ஆபத்து என்று அதைக் கைவிட்டார்கள். நடுக்கடலிலேயே கதவைத் திறந்து, நீச்சல் வீரர் ஒருவர் பாதுகாப்பு உடைகளை உள்ளே வீசினார். நிலாத் தூசு கலந்த காற்று வெளியேற அதுவே போதும். அதன்பின் கிருமிநாசினி போட்டுத் தேய்த்ததெல்லாம் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். தனிமை அறையில் எறும்புகள் போய்வந்ததைப் பார்த்ததாக ஆல்ட்ரின் பிற்பாடு சொன்னது தனிக் கதை!

நிலாவில் உயிர் இல்லை, பிழைத்தோம். அப்பல்லோ 14-க்குப் பிறகு இந்த அடைப்பையே நிறுத்திவிட்டார்கள்.

செவ்வாய் அப்படியல்ல. அமெரிக்காவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி பூமிக்குக் கொண்டுவருவதற்காகப் பாறைத் துண்டுகளைக் குழாய்களில் அடைத்த ஜெசீரோ பள்ளம் ஒரு காலத்தில் ஏரி. செவ்வாய்க் கற்கள் தாமாகவே பூமியில் விழுகின்றனவே, 1865-இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கல் லட்சக்கணக்கான ஆண்டுகள் விண்வெளிக் கதிர்வீச்சில் வாட்டப்பட்டு வந்தது. குழாயில் பத்திரமாக வரும் மண்ணுக்கு அந்தச் சோதனை இல்லை.

ஆபத்து மிக மிகக் குறைவு என்பதே பெரும்பாலான விஞ்ஞானிகளின் கணிப்பு. எனக்குக் கவலை கிருமியைப் பற்றியல்ல, மனிதக் கையைப் பற்றி. 2004-இல் சூரியக் காற்றின் துகள்களோடு திரும்பிய ஜெனிசிஸ் கலம், ஓர் உணர்கருவியைத் தலைகீழாகப் பொருத்தியதால் பாராசூட் விரியாமல் யூட்டா பாலைவனத்தில் மோதிப் பிளந்தது.

செவ்வாய்க் குழாய்களைப் பூமிக்குக் கொண்டுவரும் அமெரிக்கத் திட்டம் செலவு எகிறித் தடுமாறியது. சீனாவின் தியான்வென்-3, 2028 வாக்கில் கிளம்பி 2031 வாக்கில் செவ்வாய் மண்ணோடு திரும்புவதாகத் திட்டம். வேற்றுக்கோள் பொருளால் பூமிக்குக் கேடு வரக்கூடாது என்கிற 1967 விண்வெளி ஒப்பந்தத்தில் சீனாவும் சேர்ந்திருக்கிறது. அந்த மண் வரும் பெட்டியை எங்கே, எப்படித் திறக்கப்போகிறார்கள், தவறினால் யார் பொறுப்பு என்பதைக் கலம் கிளம்பும் முன்பே உலகத்துக்குச் சொல்லியாக வேண்டும்.